கருப்பொருளும் மையக்கருத்தும்: ஒரு சொல் நடந்துவந்த வழி



தமிழ்மொழிப் பாடத்தில் கருத்துணர்தல் கேள்விகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அனைவரும் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. ‘இப்பகுதியின் மையக்கருத்து யாது?’ என்று கேட்டாலும், ‘இக்கதையின் கருப்பொருள் யாது?’ என்று கேட்டாலும் மாணவர்கள் ஒரே விடையை எழுதுகின்றனர். பெரும்பாலும் அவ்விடை, ‘நாம் நல்லவர்களாக வாழ வேண்டும்’ என்பது போன்ற ஓர் அறிவுரையாகவே முடிகின்றது. மையக்கருத்து, கருப்பொருள், படிப்பினை ஆகிய மூன்றும் அவர்கள் மனத்தில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

இக்குழப்பத்திற்கு மாணவர்களை மட்டும் குறைகூறுவது பொருந்தாது. ‘கருப்பொருள்’ என்னும் சொல்லே நெடுந்தொலைவு நடந்து, வழியில் தன் பொருளை மாற்றிக்கொண்டு நம் வகுப்பறைக்குள் வந்திருக்கின்றது. ‘மையக்கருத்து’ என்னும் எண்ணம் வேறொரு வழியாக வந்து சேர்ந்தது. இவ்விரண்டும் எங்கிருந்து வந்தன என்பதை அறிந்தால், இவற்றை வேறுபடுத்திக் கற்பிப்பது எளிதாகும் என்பது என் கருத்து. ஆகவே, இக்கட்டுரையில் இலக்கணப் பாடம் நடத்தாமல் சற்று வரலாற்றைப் பேச விழைகின்றேன்.

முதலில் ஒரு சுருக்கமான விளக்கம். ஒரு பகுதி எதைப் பற்றியது என்பது அதன் தலைப்பு. அதைப் பற்றி அப்பகுதி முதன்மையாக என்ன சொல்கின்றது என்பது மையக்கருத்து. சொல்லப்பட்ட செய்திகளின் ஊடே, அந்தக் கதைக்கு மட்டுமன்றிப் பொதுவாக மனித வாழ்வுக்கே உரியதாக எது புலப்படுகின்றதோ அது கருப்பொருள். மையக்கருத்தைப் பெரும்பாலும் பனுவலின் மேற்பரப்பிலேயே காணலாம். கருப்பொருளை நாம் உய்த்துணர வேண்டும்.

தொல்காப்பியத்தில் கருப்பொருள்

இன்று நாம் தேர்வுத்தாளில் எழுதும் ‘கருப்பொருள்’ என்னும் சொல்லைத் தொல்காப்பியரிடம் காட்டினால் அவர் வியப்படைவார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் அகத்திணையியல், பாடற்பொருளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாக வகுக்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். அந்த நிலத்தில் கருக்கொண்டு தோன்றும் பொருள்கள் என்று இதனை விளங்கிக்கொள்ளலாம். குறிஞ்சிக்கு முருகனும் தினையும் வேங்கை மரமும் மயிலும் கருப்பொருள்கள். நெய்தலுக்கு மீனும் உப்பும் கருப்பொருள்கள்.

அப்படியாயின், இன்று நாம் கருப்பொருள் என்று சொல்லும் உட்பொருளைத் தொல்காப்பிய மரபு எப்பெயரிட்டு வழங்கியது? அதற்கு மிக அருகில் நிற்பது உரிப்பொருள் ஆகும். புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்னும் ஐந்தும் அவற்றுக்குரிய சூழல்களும் உரிப்பொருள்கள். இவை பாட்டில் வரும் மரமோ பறவையோ அல்ல. மனிதர் எவரும், எக்காலத்தும் அடையக்கூடிய உணர்வு நிலைகள்.

தொல்காப்பியர் இங்கு முக்கியமான ஒரு குறிப்பையும் தருகின்றார். பாடலுக்குள் ஆராய்ந்து பார்த்தால் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்து நிற்கும் என்பது அவர் கருத்து. நிலமும் பொழுதும் சூழலைத் தருகின்றன. மரமும் பறவையும் அச்சூழலுக்கு உயிரூட்டுகின்றன. பாட்டு எதன்பொருட்டுப் பிறந்ததோ அது உரிப்பொருள்.

ஆக, பழைய ‘கருப்பொருள்’ கண்ணால் காணத்தக்கது. இன்றைய ‘கருப்பொருள்’ மனத்தால் உணரத்தக்கது. ஒரே சொல் எவ்வாறு மறுகரைக்குச் சென்றது? கரு என்னும் சொல்லுக்கு உள்ளிருந்து வளரும் வித்து என்னும் பொருளும் உண்டு. கதைக்கு உள்ளே இருந்து அதனை வளர்க்கும் வித்து என்னும் எண்ணத்தில் பிற்காலத்தார் அச்சொல்லை எடுத்தாண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகின்றது. இன்னோர் இணைப்பும் உண்டு. உள்ளுறை உவமம் என்னும் உத்தி தெய்வம் ஒழிந்த பிற கருப்பொருள்களையே இடமாகக் கொண்டு பிறக்கும் என்பது தொல்காப்பிய விதி. அதாவது, சொல்லாத பொருளைச் சுமந்து செல்லும் ஊர்தியாகக் கருப்பொருள் அன்றே பயன்பட்டது. ஊர்தியின் பெயர் அதில் ஏறிவந்த பொருளுக்கு ஆகிவந்ததோ என்றும் எண்ணத் தோன்றுகின்றது.

ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஆயினும், இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் ஒரே வாரத்தில் ‘குறிஞ்சியின் கருப்பொருள் யாது?’ என்னும் கேள்வியையும் ‘நாவலின் கருப்பொருள் யாது?’ என்னும் கேள்வியையும் சந்திக்க நேரிடும். அவருக்கு இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

நிலம் இல்லாமல் திணை அறிந்தவர்கள்

பழந்தமிழர் உட்பொருளைக் காண்பதில் எத்துணைப் பயிற்சி பெற்றிருந்தனர் என்பதற்குக் குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு தக்க சான்று. செம்புலப்பெயனீரார் பாடியது. பாட்டில் வந்த அழகிய உவமையே புலவருக்குப் பெயராகிவிட்டது.

அப்பாட்டின் மையக்கருத்தை ஓரிரு வரிகளில் சொல்லிவிடலாம். நம் தாயரும் தந்தையரும் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர். நாமும் முன்பின் அறியாதவர்கள். எனினும் செம்மண்ணில் பெய்த மழைநீர்போல் நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று தலைவன் தலைவியிடம் கூறுகின்றான்.

இப்பாட்டிற்குக் குறிஞ்சித் திணை என்று வகுத்துள்ளனர். குறிஞ்சி என்றால் மலையும் மலைசார்ந்த இடமும் என்று நாம் ஒப்பிப்போம். பாட்டில் மலை எங்கே? தினைப்புனம் எங்கே? மயிலும் வேங்கையும் எங்கே? ஒன்றும் இல்லை. நிலம் கூறப்படவில்லை, பொழுது கூறப்படவில்லை. செம்மண்ணும் மழையும் உவமையாக வந்தவை. அவ்வாறிருந்தும் இதனைக் குறிஞ்சி என்றனர். காரணம், பாட்டின் உரிப்பொருள் கூடல். பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவிக்குத் தலைவன் சொல்லும் ஆறுதல் அது.

மேற்பரப்பில் காணப்படும் பொருள்களை எண்ணிப் பார்த்துத் திணை வகுத்திருந்தால், இப்பாட்டிற்குத் திணையே கிடைத்திராது. பாட்டு என்ன சொல்கின்றது என்பதோடு நின்றுவிடாமல், அது எந்த மனநிலைக்கு உரியது என்று வினவியமையால்தான் அவர்களால் வகுக்க முடிந்தது. இன்று நாம் மாணவரிடம் எதிர்பார்க்கும் திறனும் இதுவே.

முதல் வரி போதுமா?

மையக்கருத்தைக் கண்டறிய ஓர் எளிய வழியை நாம் சொல்லிக்கொடுப்பதுண்டு. ‘பத்தியின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள், அங்கே இருக்கும்’ என்போம். செய்திப் பகுதிகளில் இவ்வழி பலமுறை கைகொடுக்கும். எல்லா இடத்திலும் கைகொடுக்காது.

புறநானூற்றின் 192ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். கணியன் பூங்குன்றனார் பாடிய இப்பாட்டின் முதல் வரியை அறியாத தமிழர் இலர். மேடைகளில் முழங்குகின்றோம், வாழ்த்து மடல்களில் அச்சிடுகின்றோம். அவ்வரியைக் கொண்டு, இப்பாட்டு உலக சகோதரத்துவத்தைப் பற்றியது என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடுகின்றோம்.

முழுப் பாட்டையும் படித்தால் வேறொன்று தெரியும். எல்லா ஊரும் நம் ஊர், எல்லாரும் நம் உறவினர் என்று தொடங்கும் பாட்டு, தீமையும் நன்மையும் பிறர் தந்து வருவன அல்ல என்கின்றது. துன்பமும் அது தணிதலும் அவ்வாறே என்கின்றது. இறப்பு புதியது அன்று. வாழ்வு இனிது என்று மகிழ்வதும் இல்லை. வெறுத்துத் துன்பம் என்று ஒதுக்குவதும் இல்லை என்கின்றது. மழைநீர் பெருகிய ஆற்றில் நீர்வழிச் செல்லும் தெப்பம்போல் உயிர் தன் முறைவழிச் செல்லும் என்கின்றது. ஆதலால், பெரியோரைக் கண்டு வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்று முடிகின்றது.

மையக்கருத்து அந்த முடிபில் இருக்கின்றது. வாழ்வின் போக்கை உணர்ந்தமையால் நாங்கள் எவரையும் வியப்பதும் இல்லை, இகழ்வதும் இல்லை என்பதே பாட்டின் வாதம். முதல் வரி வாயில். பாட்டு முழுவதும் வீடு. வாயிலைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாகச் சொல்லலாகாது.

இதன் கருப்பொருளை எவ்வாறு கூறலாம்? வாழ்வின் இயல்பை அறிந்தவர் மனம் சமநிலை கொள்ளும். அந்தச் சமநிலையிலிருந்தே உண்மையான மனித சமத்துவம் பிறக்கும் என்று கூறலாம். பழையோர் இதற்கு வகுத்த துறை பொருண்மொழிக்காஞ்சி. உயிருக்கு உறுதி பயக்கும் மெய்ப்பொருளை எடுத்துரைப்பது அத்துறை. பாட்டைத் தொகுத்துத் துறை வகுத்தவர் முதல் வரியோடு நின்றுவிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

சிலம்பு காட்டும் இலக்கணம்

கருப்பொருளை எழுதச் சொன்னால் மாணவர்கள் ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வர். ‘நட்பு’, ‘அன்பு’, ‘கற்பு’ என்பன போன்ற விடைகள் வரும். இவை தலைப்புகளே. நட்பைப் பற்றிக் கதை என்ன உணர்த்துகின்றது என்று தொடர்ந்தால்தான் கருப்பொருள் கிடைக்கும்.

இதற்குச் சிலப்பதிகாரத்தைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. நூலின் முகப்பில் உள்ள பதிகம் மூன்று உண்மைகளை முன்வைக்கின்றது. அரசியலில் பிழை செய்தவர்க்கு அறமே எமனாகும். புகழ்மிக்க பத்தினியை உயர்ந்தோரும் போற்றுவர். ஊழ்வினை உருக்கொண்டு வந்து தன் பயனைத் தந்தே தீரும். இம்மூன்றையும் சிலம்பு காரணமாக நாட்டுவது இந்நூலின் நோக்கம் என்று பதிகம் கூறுகின்றது.

கவனியுங்கள்: ‘நீதி, கற்பு, ஊழ்’ என்று மூன்று சொற்களோடு பதிகம் நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றும் முழுக் கூற்றாக, எழுவாயும் பயனிலையும் கொண்டதாக அமைந்துள்ளது. ஒருவர் உடன்படலாம், மறுக்கலாம், வாதிடலாம். அவ்வாறு வாதிடத்தக்கதே கருப்பொருள். ‘நீதி’ என்னும் சொல்லோடு யாரும் வாதிட இயலாது.

இப்போது வழக்குரை காதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் மையக்கருத்து: தன் கணவன் கள்வன் அல்லன் என்பதைக் கண்ணகி பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து மெய்ப்பித்தாள், தவற்றை உணர்ந்த மன்னன் உயிர் துறந்தான். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். இவையெல்லாம் மையக்கருத்தைத் தாங்கும் துணைக்கருத்துகள். கருப்பொருளோ பதிகம் சொன்ன முதல் உண்மை: ஆளுவோர் பிழைத்தால் அறமே அவர்களைக் கொல்லும்.

மதுரை, சிலம்பு, முத்து, மாணிக்கம் இவற்றை நீக்கிவிட்டு மையக்கருத்தைச் சொல்ல முடியாது. இவை எவையும் இல்லாமலே கருப்பொருளைச் சொல்லிவிடலாம். வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் நிகழும் கதைக்கும் அது பொருந்தும். இந்த ஒரு சோதனையை மாணவர்க்குக் கற்றுக்கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நன்னூலார் வைத்த இரண்டு பெட்டிகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றினார். அதன் பாயிரப் பகுதி, ஒரு நூலை அறிமுகப்படுத்தும்போது சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்துகின்றது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை.

இவற்றுள் நுதலிய பொருள் என்பது நூல் எடுத்துரைக்கும் செய்தி. பயன் என்பது அந்நூலால் கற்பவர் பெறுவது. இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துள்ளமை கருதத்தக்கது. நூல் சொல்வது வேறு, நாம் பெறுவது வேறு என்பதில் அம்மரபு தெளிவாக இருந்தது.

உரைக்கு இலக்கணம் கூறும்போதும் நன்னூல் பதினான்கு உறுப்புகளைக் கூறுகின்றது. அவற்றுள் கருத்து, தொகுத்துரை, பயன் ஆகியவை வெவ்வேறாக எண்ணப்படுகின்றன. நம் தேர்வுத்தாளில் ‘கருத்தை எழுதுக’, ‘சுருக்கி எழுதுக’, ‘படிப்பினையை எழுதுக’ என்று வரும் மூன்று கட்டளைகளும் எனக்கு இவற்றையே நினைவூட்டுகின்றன.

திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் இம்முறையின் சிறந்த பயிற்சியாளர். ஓர் அதிகாரம் தொடங்கும்போது அவ்வதிகாரம் எதைக் குறித்தது, முன்னுள்ள அதிகாரத்திற்குப் பின் அது ஏன் வைக்கப்பட்டது என்று விளக்குவார். அதன்பின்பே குறள்தோறும் பொருள் கூறுவார். முழுமையை முதலில் காட்டி, அதற்குள் பகுதியை நிறுத்தும் முறை இது. தமிழ்ப்பள்ளிகளில் செய்யுள் மொழியணிப் பாடத்தில் ஒரு குறளையும் அதன் பொருளையும் மனனம் செய்யும் மாணவர், அதிகாரத் தலைப்பையும் சேர்த்துப் படித்தால், பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள உறவை அப்போதே உணரத் தொடங்குவர்.

அச்சு தந்த பத்தி

இதுவரை கூறியவை உட்பொருளைக் காணும் மரபு. ‘பத்தியின் மையக்கருத்து’ என்னும் எண்ணம் அதைவிட இளையது. ஏனெனில், பத்தி என்பதே தமிழில் இளையது.

ஓலைச்சுவடியில் பத்தி பிரிக்கும் வழக்கம் இல்லை. ஓலையில் இடம் அருமை. எழுத்துகள் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் விடுவதும் உண்டு. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது. அதன்பின் சில நூற்றாண்டுகள் கடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அச்சு உரைநடை பரவலாயிற்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி நிறுவினார். பிள்ளைகளுக்காகப் பாலபாட நூல்களை எழுதி அச்சிட்டார். நிறுத்தக்குறிகளை முறையாகக் கையாண்டு, பிள்ளைகள் படிக்கத்தக்க தெளிந்த உரைநடையை அமைத்தவர்களுள் அவர் முன்னோடி.

ஏறத்தாழ அதே காலத்தில், 1866ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின் ஆங்கிலக் கட்டுரை எழுதும் முறைபற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரு பத்தி ஒரே பொருளைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். அதன் தொடக்க வாக்கியம் அப்பொருளைச் சுட்டுதல் வேண்டும் என்பன போன்ற விதிகள் அதில் இடம்பெற்றன. ஆங்கிலக் கல்வி பரவிய நாடுகளிலெல்லாம் இத்தகைய விதிகள் பாடநூல்கள் வழியே பரவின. நம் நாடும் அதற்கு விலக்கன்று. 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதை நம் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016இல் இருநூறாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். அந்தத் தொடக்கமே ஓர் ஆங்கிலப் பள்ளியின் கூரைக்கீழ் நிகழ்ந்தது.

ஆகவே, ‘பத்தியின் முதல் வாக்கியத்தைப் பார்’ என்று நாம் சொல்லும் வழி அச்சு உரைநடைக்குப் பிறந்தது. அதனைச் செய்தி விளக்கப் பகுதிகளுக்குப் பயன்படுத்துவோம். புறநானூற்றுக்கும் சிறுகதைக்கும் அதே சாவியைப் போட்டுத் திறக்க முயலக்கூடாது.

கதையின் வாலில் கட்டிய நீதி

மூன்றாவது கலப்பு, படிப்பினையால் விளைந்தது. தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் உரைநடையில் தந்தது 1826ஆம் ஆண்டில். அதுமுதல் நீதிக்கதைகள் பள்ளிப் பாடநூல்களில் நிலைத்துவிட்டன. ஈசாப்புக் கதைகளும் சேர்ந்தன. கதை முடிந்ததும் ‘நீதி’ என்று ஒரு வரி வாலாகக் கட்டப்பட்டது. சிறு பிள்ளைகளுக்கு அது நல்லதே. ஆயினும், அந்த வாலைத்தான் கதையின் உயிர் என்று மாணவர் நம்பத் தொடங்கியதும் தொல்லை பிறக்கின்றது.

படிப்பினை என்பது வாசகருக்கு இடும் கட்டளை. ‘வேண்டும்’, ‘கூடாது’ என்று முடியும். கருப்பொருள் என்பது வாழ்வைப் பற்றிய ஒரு காட்சி. ‘இப்படித்தான் இருக்கின்றது’ என்று முடியும். நல்ல கதைகள் பலவற்றில் கருப்பொருள் உண்டு, கட்டளை இராது.

வகுப்பறைக்கு ஒரு கதை

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்காக நான் எழுதிய சிறு பகுதி ஒன்றைக் கீழே தருகின்றேன்.

‘தோட்டத்தில் கடைசிப் பெரட்டு முடிந்துவிட்டது. நிலம் வீடு கட்டும் நிறுவனத்திற்கு விற்கப்பட்டாயிற்று. மறுநாளும் பாட்டி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தார். நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு தம் நிரைக்குச் சென்றார். ஒவ்வொரு மரமாக நின்று, மங்கைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். பின்னாலேயே ஓடிவந்த பேரன், “இன்னிக்குத்தான் வேலை இல்லையே பாட்டி?” என்றான். “நமக்குச் சொல்லிட்டாங்கப்பா. மரத்துக்கு யாரு சொல்றது?” என்றார் பாட்டி.’

தலைப்பு என்ன என்று கேட்டேன். ‘பாட்டியும் இரப்பர் மரமும்’ என்றனர். சரியே. மையக்கருத்து யாது? ‘தோட்டம் விற்கப்பட்ட பின்பும் பாட்டி கடைசியாக ஒருமுறை மரங்களிடம் விடைபெறச் சென்றார்’ என்று கூடிப்பேசி எழுதினர். அதுவும் சரியே.

கருப்பொருளுக்கு வந்தபோது பழக்கம் தலைகாட்டியது. ‘நாம் மரங்களை நேசிக்க வேண்டும்’ என்றார் ஒருவர். ‘நாம் சீக்கிரம் எழ வேண்டும்’ என்றார் இன்னொருவர். நான் மறுக்காமல், ‘வேண்டும் என்னும் சொல்லை நீக்கிவிட்டுச் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் அமைதி. பிறகு ஒரு மாணவி, ‘மரம் பாட்டிக்குச் சொந்தம் இல்லை சார். ஆனாலும் சொந்தம்’ என்றாள்.

தமிழில் சொந்தம் என்பது உடைமையையும் குறிக்கும், உறவையும் குறிக்கும். உடைமை கைமாறலாம், உழைத்தவர்க்கும் உழைத்த மண்ணுக்கும் உள்ள உறவு கைமாறாது. கதையின் கருப்பொருளை இதனினும் செம்மையாக நான் சொல்லியிருக்க முடியாது. பெற்றோர் உறவினர் அல்லர், ஆயினும் நெஞ்சங்கள் கலந்தன என்ற பழம்பாட்டின் பக்கத்தில் வைக்கத்தக்க விடை அது. அம்மாணவி உரிப்பொருள் என்னும் சொல்லைக் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் உரியது எது என்று கண்டுவிட்டாள்.

பயன்படுத்தத்தக்க கேள்விகள்

வகுப்பறையில் நான் கையாளும் கேள்விகளைத் தொகுத்துத் தருகின்றேன்.

1. இப்பகுதி எதைப் பற்றியது? விடை ஒரு சொல்லோ தொடரோ ஆகும். இது தலைப்பு.

2. அதைப் பற்றி முதன்மையாக என்ன சொல்கின்றது? விடை ஒரு முழு வாக்கியம். பகுதியில் உள்ள ஏனைய செய்திகள் யாவும் இதனைத் தாங்க வேண்டும். இது மையக்கருத்து.

3. பெயர்களையும் இடங்களையும் நீக்கிவிட்டால், வாழ்வைப் பற்றி என்ன உண்மை எஞ்சுகின்றது? விடை ஒரு முழு வாக்கியம். ‘வேண்டும்’, ‘கூடாது’ என்று முடியாதது. இது கருப்பொருள்.

4. இதனால் நான் என்ன செய்வேன்? இது படிப்பினை. ஆளுக்கு ஆள் மாறலாம்.

ஒன்றை மறத்தலாகாது. எல்லாப் பகுதிக்கும் கருப்பொருள் இராது. தேங்கிய தெளிந்த நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஆகவே பூச்சாடித் தட்டுகளைக் கழுவி வைத்தால் டிங்கிக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்னும் செய்திப் பகுதிக்கு மையக்கருத்து உண்டு. உட்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கே தேட வேண்டும், எங்கே தேட வேண்டியதில்லை என்று அறிவதும் வாசிப்புத் திறனே.

ஏன் இது முக்கியம்?

1988ஆம் ஆண்டு தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. அதன்பின், ‘இனி இந்த நுணுக்கங்கள் எதற்கு?’ என்று சிலர் கேட்கின்றனர். தேர்வுக்காக மட்டுமே இதனைக் கற்பித்திருந்தால் அக்கேள்வி நியாயமானதே. உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று 2013ஆம் ஆண்டின் தேசியக் கல்விப் பெருந்திட்டத்திற்குப் பின் நாம் ஓயாமல் பேசி வருகின்றோம். அத்திறனின் முதல் படி, சொல்லப்பட்டதற்கும் உணர்த்தப்பட்டதற்கும் உள்ள இடைவெளியைக் காண்பதே.

நம் மாணவர்களுக்கு இஃது இன்னும் நெருக்கமான காரணத்தால் தேவைப்படுகின்றது. நம் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த தோட்டங்கள் பல இன்று இல்லை. அவர்களின் கதைகள் மட்டும் எஞ்சியுள்ளன. அக்கதைகளை, ‘அவர்கள் மரம் வெட்டினார்கள், பிறகு தோட்டம் விற்கப்பட்டது’ என்று மையக்கருத்தாக மட்டும் அறிந்துகொண்டால் செய்தி மிஞ்சும். ‘நாம் உழைக்க வேண்டும்’ என்று படிப்பினையாக மட்டும் அறிந்துகொண்டால் அறிவுரை மிஞ்சும். அவர்கள் எதைச் சொந்தமென்று எண்ணினார்கள், எதை இழந்தார்கள் என்பதை அறிய, கருப்பொருளைக் காணும் கண் வேண்டும்.

திணையும் துறையும் வகுத்தவர்கள் அக்கண்ணை நமக்கு விட்டுச் சென்றனர். பிள்ளைகளுக்கு அதைத் திறந்துவைப்பது நம் பணி. உங்கள் வகுப்பில் நீங்கள் கையாளும் வழிகளையும் அறிய விழைகின்றேன், எழுதுங்கள்.